பொன்னாடை, சமோசா, சொற்பொழிவு

சிறிய பல்கலைக்கழகங்களில் அறக்கட்டளைச் சொற்பொழிவு வட்டிப் பணத்தில் நடப்பது. 1990களின் தொடக்கத்தில் வைப்புநிதிக்கு 12 விழுக்காடு வட்டி. புரவலர் போட்ட 10,000 ரூபாய் ஆண்டுக்கு 1,200 ரூபாய் தந்தது. வட்டி 7 விழுக்காட்டுக்கு இறங்கியதும் அது 700. பொன்னாடை, பயணப்படி, சமோசா எல்லாம் அதற்குள்தான். ஃபிளெக்ஸ் பேனரில் துணைவேந்தர் ஆளுயரம், பேச்சாளர் அஞ்சல்தலை அளவு. தலைப்பில் ஒற்று மட்டும் இருக்காது. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள் (மூன்றுக்குக் குறையாது) முடிந்து மைக் பேச்சாளர் கைக்கு வரும்போது மணி பன்னிரண்டே முக்கால். முன்வரிசை சோபா காலி. பின்வரிசையில் வருகைப்பதிவுக்காக வந்த மாணவர்கள். விழாவையொட்டிப் பக்கத்து அறையில் ஓவியக் கண்காட்சி. நாடா வெட்டிய கத்தரிக்கோல் இன்னும் தட்டிலேயே கிடக்கிறது. அறைச் சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் சாப்பாட்டில். பல்கலைக்கழகத் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழுவுக்கான கோப்பில் புகைப்படம் ஏறியதும் நிகழ்ச்சி நிறைவுபெறுகிறது.