துண்டறிக்கைப் பிரிவுக்கு ஒரு தரைத்தளவாசியின் நன்றிக் கடிதம்

அனுப்புநர்: தரைத்தளக் குடித்தனக்காரர், அடையாற்றுக்கு அருகில், சென்னைப் புறநகர்.

பெறுநர்: வெள்ளத்துக்குப் பிந்தைய நலவாழ்வு அறிவுரைகளை அச்சிட்டு வழங்கும் அலுவலர் அவர்கள்.

பொருள்: துண்டறிக்கை கிடைக்கப்பெற்றமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பெருமதிப்புக்குரிய ஐயா,

பால் வரவில்லை, லாரித் தண்ணீர் வரவில்லை, தண்ணீரை இறைக்கும் மோட்டாரும் வரவில்லை. தங்கள் அறிவுரை வந்துவிட்டது. பிரதான சாலையில் ஆட்டோவிலிருந்து வீசப்பட்ட கட்டு, தானே மிதந்து எங்கள் வாசலுக்கு வந்தது. வழவழப்பான தாள், நான்கு வண்ணம். மேல்பாதியில் தலைவர்கள் சிரிக்கிறார்கள். கீழ்ப்பாதியில் நாங்கள் செய்ய வேண்டிய வேலைகள்.

முதல் அறிவுரை: 'குடிநீரை நன்கு கொதிக்க வைத்துக் குடிக்கவும்.' மறுக்க முடியுமா? தளதளவென்று கொதித்தால் காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகள் சாகும். ஆனால் எங்கள் சிலிண்டர் கூடத்தில் மிதந்தது. ரெகுலேட்டருக்குள் சேறு. 'வெள்ளத்தில் மூழ்கிய சிலிண்டரைச் சோதிக்காமல் பற்றவைக்காதீர்கள்' என்கிறது நான்காம் அறிவுரை. நான்காவதற்குக் கீழ்ப்படிந்தால் முதலாவதை மீற வேண்டியிருக்கிறது. எதற்கு முன்னுரிமை என்று ஒரு சுற்றறிக்கை விடவும். கொதித்தும் போகாதவை சில உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் நுழைந்தது. எண்ணெய் கலந்த தண்ணீரை எத்தனை நிமிடம் கொதிக்க வைக்கலாம் என்பதை அடுத்த பதிப்பில் சேர்க்க வேண்டுகிறேன்.

இரண்டாவது: 'வெள்ளநீரில் நடக்காதீர்கள்.' எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் உள்ள சிறு கீறல் வழியாகவே எலிக்காய்ச்சலைக் கொண்டுவந்துவிடும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்றும் போட்டிருக்கிறீர்கள். மிகச் சரி. மருத்துவமனை பிரதான சாலையில் இருக்கிறது. நடக்காமல் அங்கே போகும் முறை மட்டும் அச்சில் விடுபட்டிருக்கிறது.

மூன்றாவது, பிளீச்சிங் பவுடர். சம்ப்பைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, மருந்து போட்டு, குளோரின் கலந்த தண்ணீரை அரை மணி நேரமாவது விட்டுவைத்துப் பிறகே புழங்க வேண்டும். அப்போதும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். கழிப்பறை ஆசிடோடு பிளீச்சிங் பவுடரைக் கலந்தால் நச்சு வாயு கிளம்பும் என்று எச்சரித்ததற்குத் தனி நன்றி. ஆனால் எங்களுக்குப் பொட்டலம் வரவில்லை. வந்த மூட்டைகள் முழுவதும், முக்கியஸ்தர் பார்வையிட வந்த சாலையின் இரு ஓரத்திலும் மார்கழிக் கோலம்போல் போடப்பட்டுவிட்டன. சேற்றின் மேல் தூவினால் பவுடரின் வீரியம் சேற்றோடே தீர்ந்துவிடும். கிருமிகள் சாகவில்லை, புகைப்படம் நன்றாக வந்திருந்தது.

'ஈரமான மெத்தை, தலையணைகளை அப்புறப்படுத்துங்கள். இரண்டு நாளில் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.' செய்தோம். அவை இப்போது தெருமுனையில் மலையாகக் கிடந்து, தங்கள் குப்பை வண்டியின் வரவுக்காகப் பூஞ்சை வளர்க்கின்றன.

'வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கினால் அபராதம்.' ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். எனவே தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டோம். தெருவைக் கவிழ்க்க எங்களிடம் ஆள் பலம் இல்லை. அதற்கான அபராதச் சீட்டை யார் பெயரில் எழுதுவது?

ஒன்று புரிந்தது. தாளின் இரு பக்கத்திலும் உள்ள வேலை அத்தனையும் எங்களுக்கே. கைமாறாகத் தங்களுக்கும் ஒரு துண்டறிக்கை தயாரித்திருக்கிறேன். தலைவர் படம் இல்லாததால் இடம் மிச்சம்.

1. மழைநீர் வடிகாலில் சாக்கடையை விடுவதைத் தடுக்கவும். இரண்டும் கலந்தால் அவை தரைத்தளக் கழிப்பறை வழியாக எங்களை நலம் விசாரிக்க வருகின்றன.

2. ஏரியின் கலங்கலுக்குக் கீழே, தண்ணீர் போகும் கால்வாயில் மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கேட்டு எவரேனும் வந்தால், கையெழுத்திடும் பேனாவை அடுத்த வடகிழக்குப் பருவமழை வரை வெயிலில் காயவைக்கவும்.

3. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022-இல் ராம்சார் எனும் பன்னாட்டு ஈரநிலத் தகுதி கிடைத்தது. வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் அந்த நிலத்தின் ஓரத்திலேயே நகரத்தின் குப்பைமேடு வளர்ந்தது. இரண்டில் எது வேண்டும் என்று முடிவெடுக்கவும்.

4. வீட்டு மெயின் சுவிட்சை எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை போட மாட்டோம். தெருவோர பில்லர் பாக்ஸைத் தாங்கள் முழங்கால் உயரத்துக்கு மேலே ஏற்றி வைக்கவும்.

5. தண்ணீரைத் திறக்கும் முன் சொல்லவும். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வந்தபோது, அடையாற்றங்கரையில் பலருக்குத் தண்ணீரேதான் தகவல் சொன்னது.

இவற்றைக் கடைப்பிடித்தால் தங்கள் துண்டறிக்கைக்குத் தேவையே இருக்காது என்பதை அறிவேன். அச்சுச் செலவு மிச்சமாகும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தரைத்தளவாசி

நகல்: எங்கள் தெரு எலிகளுக்கும் ஏடிஸ் கொசுக்களுக்கும், தகவலுக்காக. வெள்ளம் வடிந்ததும் உத்தரவுக்குக் காத்திராமல் நேரில் வந்து களப்பணியைத் தொடங்கியவை அவை மட்டுமே.