கொல்விலங்கு நகையச்சம்: முயலையும் மூஞ்சூற்றையும் முன்வைத்து ஓர் ஆய்வு

கொல்விலங்கு என்பது வினைத்தொகை. கொன்ற விலங்கு, கொல்கின்ற விலங்கு, கொல்லும் விலங்கு என முக்காலத்திற்கும் விரியும் இத்தொகை, குறைந்த செலவில் எடுக்கப்படும் ஒருவகைத் திரைப்படங்களுக்கு வேறெந்தச் சொல்லைவிடவும் நன்கு பொருந்துகிறது. முதற்காட்சியில் ஊர் பேர் தெரியாத ஒருவரைக் கொன்ற விலங்கு, படம் நெடுகப் பலரைக் கொன்றுகொண்டே இருந்து, எல்லாம் முடிந்தது என்று நாயகன் பெருமூச்சு விட்ட பிறகும் எங்கோ ஒரு முட்டையாகவோ குட்டியாகவோ எஞ்சி, இரண்டாம் பாகத்தில் கொல்வதற்குக் காத்திருப்பது இப்படங்களின் மரபாகும். நகையச்சம் என்னும் சொல்லோ அவ்வளவு எளிதில் பிடிகொடுப்பதில்லை. நகையும் அச்சமும் என உம்மைத்தொகையாக விரித்தால் இரண்டுக்கும் சரிபங்கு கிடைக்கும். நகைத்தற்குரிய அச்சம் என விரித்தால் அச்சம் நகைக்கு அடிமைப்படும். இவற்றுள் எது சரி என்பதை இலக்கணம் தீர்ப்பதில்லை, விலங்குக்குத் தைத்த உடுப்பின் தரமே தீர்க்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில், அதாவது உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் நிலைகளை ஆராயும் இயலில், எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்கிறார். அச்சம் பிறக்கும் நான்கனுள் அணங்குக்கு அடுத்தபடி நிற்பது விலங்கு. கள்வரும் அரசனும் அதற்குப் பின்னரே வரிசையில் நிற்கின்றனர். நகை பிறக்கும் நான்கோ எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பவை. இவற்றுள் மடன் என்பது பிறர் சொன்னதை அப்படியே ஏற்று, ஏற்றதை எக்காரணம் கொண்டும் கைவிடாதிருத்தல் ஆகும். இக்கட்டுரையின் பிற்பகுதியில் இச்சொல் பெரும்பங்கு வகிக்கும் என்பதால் வாசகர் இதை நினைவில் வைத்தல் நலம். விலங்கைக் கண்டு நகைப்பதற்குத் தொல்காப்பியர் தனி இடம் ஒதுக்கவில்லை. வேட்டைநாயின் முதுகில் கம்பளத்தைப் போர்த்தி, இதுவே கொலைகார மூஞ்சூறு என்று காட்டும் காலம் ஒன்று வரும் என அவர் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை.

அக்காலம் 1959இல் வந்தது. ரே கெல்லாக் இயக்கிய ‘தி கில்லர் ஷ்ரூஸ்’ என்னும் அமெரிக்கப் படத்தில், தனித்தீவு ஒன்றில் வாழும் விஞ்ஞானி, மனிதரைப் பாதி அளவாகச் சுருக்கிவிட்டால் உலகின் சோற்றுக்கவலையும் பாதியாகும் என்ற கருணையோடு ஆய்வு நடத்த, சுருங்க வேண்டியது பெருத்து, நாயளவு மூஞ்சூறுகள் கூட்டங்கூட்டமாக இரை தேடி அலைகின்றன. நாயளவு என்பது இங்கே வெறும் ஒப்பீடு அன்று. ராக்கூன் என்னும் விலங்கை வேட்டையாடுவதற்கென்று வளர்க்கப்படும் நாய்களுக்கு உரோமக் கம்பளத்தைப் போர்த்தி, பொய்ப்பற்களைப் பொருத்தி ஓடவிட்டார்கள். முகத்தை அருகில் காட்ட வேண்டிய இடங்களில் மட்டும் பொம்மைத் தலைகள் வந்து பல்லைக் காட்டிச் சென்றன. அரிசிமூட்டை ஓரத்தில் கீச்சிட்டு ஓடும் மூஞ்சூற்றை அறிந்தவரும், அது பிள்ளையாரின் வாகனம் என்று கேட்டு வளர்ந்தவரும், பைரவர் வாகனம் பிள்ளையார் வாகனமாக வேடங்கட்டி ஆடிய இந்தக் கூத்தைச் சமயப் பொதுமையின் அரிய சான்றாகக் கொள்ளலாம்.

உண்மை மூஞ்சூறு அச்சத்திற்குத் தகுதியற்றது என்று நினைப்பதும் தவறு. மூஞ்சூற்றினங்களுள் மிகச் சிறியது ஏறத்தாழ 2 கிராம் எடையே உள்ளது எனினும், சில இனங்கள் நாளொன்றுக்குத் தம் எடையளவு இரையைத் தின்றாக வேண்டும். சில மணி நேரப் பட்டினியே அவற்றைக் கொன்றுவிடும். வட அமெரிக்காவில் வாழும் குட்டைவால் மூஞ்சூற்றின் எச்சிலில் நஞ்சும் உண்டு. ஆகவே கதை எழுதியவர் விலங்கியலை ஓரளவு அறிந்தவரே. அந்த அறிவு உடைப்பெட்டியை எட்டுவதற்குள் கையிருப்பு தீர்ந்தது என்பதுதான் நடந்தது. வானொலி நிலையங்களும் திரையரங்குகளும் நடத்திவந்த டெக்சாஸ் முதலாளி கார்டன் மெக்லெண்டன், ஒரே சீட்டுக்கு இரண்டு படம் காட்டும் அக்கால வழக்கத்திற்கு ஏற்ப, ‘தி ஜயன்ட் கிலா மான்ஸ்டர்’ என்னும் பல்லிப் படத்தோடு இதையும் இணையாகத் தயாரித்தார். காருக்குள் அமர்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளிக் கொட்டகைகளில் அமர்ந்திருந்த இளஞ்சோடிகளின் கண் பெரும்பாலும் திரையில் இருந்ததில்லை. அவர்களுக்காக மூஞ்சூற்றைச் செம்மை செய்வது வீண்செலவு என்று கணக்குப் பார்த்த முதலாளியைக் குறைசொல்ல முடியாது. இறுதியில் தீவில் எஞ்சியவர்கள் காலி இரும்புப் பீப்பாய்களைக் கவிழ்த்து ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி, அவற்றுக்குள் குந்தியபடி கடற்கரை வரை நகர்ந்து தப்புகிறார்கள். கம்பளம் போர்த்திய நாயும் பீப்பாய் போர்த்திய மனிதனும் ஒருவரையொருவர் உண்மை என்று நம்பி மோதும் அக்காட்சி, இவ்வகைப் படங்களின் தத்துவம் முழுவதையும் அடக்கியது. வினைத்தொகையின் எதிர்காலமும் பொய்க்கவில்லை: 53 ஆண்டுகள் கழித்து, 2012இல், அதே நாயகன் ஜேம்ஸ் பெஸ்ட் நடிக்க இரண்டாம் பாகம் வெளியாயிற்று.

அத்தத்துவத்தை வேதாந்தத்தின் துணைகொண்டு விளக்கலாம். அரையிருளில் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று கண்டு நடுங்குவது அறியாமை. விளக்கு வந்தபின் கயிறு கயிறாகவே தெரிவது ஞானம். கொல்விலங்குப் படம் பார்ப்பவருக்கோ விளக்கு முதலிலேயே ஏற்றப்பட்டுவிடுகிறது. கிடப்பது கயிறு என்று அவருக்குத் தெரியும். எந்தக் கடையில் வாங்கிய கயிறு, முழத்துக்கு என்ன விலை என்பதுகூட ஏறக்குறையத் தெரியும். ஆயினும் அவர் எழுந்து போவதில்லை. ஏனெனில் திரைக்குள் இருப்பவர்கள் இன்னும் அதைப் பாம்பென்றே கண்டு, சம்பளம் சரியாக வந்ததோ இல்லையோ, அடிவயிற்றிலிருந்து அலறுகிறார்கள். ஞானத்தில் சாய்ந்து அமர்ந்துகொண்டு அறியாமையை வேடிக்கை பார்க்கும் இந்த நிலைக்கு மறிகயிற்று நிலை என்று இக்கட்டுரை பெயரிடுகிறது. ஞானிகள் பல பிறவி முயன்று அடைவதை 80 நிமிடங்களில், கையில் சோளப்பொரியோடு, அடையச் செய்வது எளிய சாதனை அன்று.

பணம் இருந்திருந்தால் பயமும் தானே வந்திருக்கும் என்று மறுப்பார் உளர். அவர்களுக்கு 1975இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய ‘ஜாஸ்’ படத்தின் வரலாறே விடையாகும். அப்படத்திற்காகச் செய்யப்பட்ட இயந்திரச் சுறாக்கள் கடலின் உப்புநீர் பட்டதும் அடிக்கடி பழுதாகி நின்றுவிட, 55 நாட்களில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாட்களுக்கு நீண்டது. வேறு வழியின்றி இயக்குநர் சுறாவைக் காட்டாமல், துடுப்பையும் நீரில் இழுபடும் மஞ்சள் பீப்பாய்களையும் ஜான் வில்லியம்ஸின் இசையையும் கொண்டே காலம் தள்ளினார். உலகம் நடுங்கியது. பணம் உள்ளவர் விலங்கை மறைத்து வெல்ல, இல்லாதவர்கள் அதை நடுப்பகலில் நிறுத்திக் காட்டித் தோற்றதன் காரணம் கலையியலுக்குள் இல்லை, குடும்பப் பொருளாதாரத்திற்குள் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய கம்பளத்தைக் கண்ணில் காட்டாமல் வைத்திருக்க ஏழைத் தயாரிப்பாளருக்கு மனம் வருவதில்லை. விருந்தாளி வரும்போதெல்லாம் வீட்டில் இருக்கும் ஒரே வெள்ளிக் கிண்ணத்தில் பாயசம் வருவதும் இதே நியதியின்பாற்பட்டதே.

இனி மடனுக்கு வருதல் தகும். அதன் உச்சம் 1972இல் மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனம் வெளியிட்ட ‘நைட் ஆஃப் தி லீபஸ்’ என்பதில் இந்த ஆய்வுக்கு ஐயமில்லை. வில்லியம் கிளாக்ஸ்டன் இயக்கிய இப்படத்தில் ஊரை அழிக்க வரும் விலங்கு முயல். ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வில் குளியலறையில் கத்திக்குத்து வாங்கி உலகப்புகழ் பெற்ற ஜேனட் லீ, 12 ஆண்டுகள் கழித்து முயலுக்கு அஞ்சி ஓடும்படி நேர்ந்தது. இப்படத்தின் மூலநூல் ஆஸ்திரேலிய எழுத்தாளர் ரஸ்ஸல் பிராடன் 1964இல் எழுதிய அங்கத நாவல். அதை வாங்கிய திரைப்படக்காரர்கள் அங்கதத்தை நீக்கிவிட்டு முயலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். சிரிப்பதற்காக எழுதிய கதையைச் சிரிக்காமல் எடுத்து, அதனாலேயே மூலத்தை மிஞ்சிய சிரிப்பை வரவழைத்த இச்செயலுக்கு இணை காண்பது அரிது.

முயல் அஞ்சத்தக்கது என்னும் அடிப்படைக் கருத்து பொய்யன்று என்பதையும் நடுநிலை கருதிச் சொல்லியாக வேண்டும். 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்னும் நிலக்கிழார் விக்டோரியாவில் உள்ள தம் பண்ணையில் வேட்டைப் பொழுதுபோக்குக்காக விட்ட இரண்டு டஜன் காட்டு முயல்கள் பெருகி ஆஸ்திரேலியப் புல்வெளியைச் சுரண்டித் தின்றன. 1901 முதல் 1907 வரை மேற்கு ஆஸ்திரேலிய அரசு முயலைத் தடுக்க வேலிகள் போட்டது, அவற்றுள் முதல் வேலி மட்டும் 1,800 கிலோமீட்டரைத் தாண்டியது. முயல் அதையும் தாண்டியது. 1950இல் நோய்க்கிருமியையே ஏவிவிட வேண்டியதாயிற்று. ஒரு கண்டத்தை இப்படி மண்டியிட வைத்த விலங்கு உலகில் அதிகம் இல்லை. அதன் குறை ஒன்றே, முகம். காதை விறைத்து மூக்கைத் துடிக்கவிடும் அந்த முகத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் மருட்கை, அதாவது வியப்பு, பிறக்குமேயன்றி அச்சம் பிறப்பதில்லை. மருட்கையின் நான்கு நிலைக்களன்களுள் பெருமையும் ஒன்று என்று தொல்காப்பியர் வைத்தது அறியாமல் வைத்தது அன்று. படப்பிடிப்பினர் வீட்டு முயல்களைச் சிறிய பொம்மை வீடுகளுக்கு நடுவே ஓடவிட்டு, மெதுவான அசைவில் காட்டி, வாயில் சிவப்புச் சாயம் பூசி, ஆளைத் தாக்கும் காட்சிகளில் முயல் உடுப்பணிந்த நடிகர்களையும் இறக்கிப் பார்த்தார்கள். விளம்பரத்தில் மட்டும் முயலைக் காட்டவில்லை. முதலில் வைத்த தலைப்பான ‘ராபிட்ஸ்’ என்பதையும் நீக்கி, முயலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் பின்னே ஒளிந்துகொண்டார்கள். இதனால் விளம்பரப் பிரிவில் மட்டும் மடன் இல்லை என்பது உறுதியாகிறது.

பேதைமைக்கு எடுத்துக்காட்டாக, 10,000 டாலருக்கும் குறைவான செலவில் ஜேம்ஸ் நுயென் எடுத்து 2010இல் திரையரங்கு கண்ட ‘பர்டெமிக்’ படத்தைச் சுட்டுவது போதும். காகிதத்தில் வெட்டி ஒட்டியது போன்ற கழுகுகள் நின்ற இடத்திலேயே சிறகடிக்க, மாந்தர் சட்டை மாட்டும் ஹேங்கர்களைச் சுழற்றி அவற்றை விரட்டும் காட்சியைப் பற்றி ஆய்வாளர் செய்யக்கூடியது மௌனம் காப்பதே.

எள்ளல் வகையில் அடங்குவது 2013இல் சைஃபை தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி 2018க்குள் ஆறு படங்களாகக் குட்டிபோட்ட ‘ஷார்க்நேடோ’. சூறாவளி கடலிலிருந்து சுறாக்களை அள்ளி லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் மீது கொட்டுகிறது; நாயகன் இயந்திர ரம்பத்தோடு பறக்கும் சுறாவின் வாய்க்குள் புகுந்து வயிற்றைக் கிழித்து வெளியேறுகிறான். சுரசையின் வாய்க்குள் புகுந்து மீண்ட அனுமனை அறிந்தவர்க்கு இதில் ரம்பம் ஒன்றே புதிது. இப்படம் பெற்ற புகழை மறுப்பதற்கில்லை. ஆயினும் மறிகயிற்று நிலை இதில் கூடுவதில்லை என்பதே இக்கட்டுரையின் தீர்ப்பு. திரைக்குள் இருப்பவர்களுக்கும் அது கயிறு என்று தெரிந்துவிட்டது. அவர்கள் பார்வையாளரைப் பார்த்துக் கண் சிமிட்டியபடியே அலறுகிறார்கள். தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரித்துவிடும் மாமாவின் அருகில் அமர்ந்து சாப்பிடும் களைப்பு, மூன்றாம் பாகத்திற்குள் வந்துவிடுகிறது.

தெரிந்தே செய்தும் தவறாமற்போன படம் உண்டா என்றால், உண்டு. ஜொனாதன் கிங் இயக்கி 2006இல் வெளிவந்த நியூசிலாந்துப் படமான ‘பிளாக் ஷீப்’ அத்தகையது. மரபணு ஆய்வில் கெட்டுப்போன செம்மறியாடுகள் ஆட்களைக் கடித்துத் தின்ன, கடிபட்டுப் பிழைத்தவர்களும் ஆடாக மாறுகிறார்கள். ஆடு நனைகிறதே என்று அழுவதற்கு இங்கே ஓநாய் தேவைப்படவில்லை. ஓநாயின் வேலையையும் ஆடே பார்த்துக்கொள்கிறது. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களுக்குப் பூதங்களைச் செய்துகொடுத்த வீட்டா பட்டறை, அதே சிரத்தையோடு ஆட்டையும் செய்துகொடுத்தது. ஆனால் படத்தின் பலம் பட்டறையில் இல்லை. 1982இல் நியூசிலாந்தில் ஏறத்தாழ 7 கோடி ஆடுகள் இருந்தன, அதாவது ஓர் ஆளுக்கு 22 ஆடு; படம் வெளிவந்த காலத்திலும் ஓர் ஆளுக்குச் சுமார் 10 ஆடு இருந்தது. கம்பளியையும் கறியையும் விற்றே நிமிர்ந்த ஒரு நாட்டில், இவை என்றைக்காவது ஒன்றுகூடி யோசித்தால் என்ன ஆகும் என்ற எண்ணம் பண்ணைக்காரரின் மனத்தில் ஓரமாகப் படுத்திருந்தது. படம் அதன் வாலை மிதித்தது. அங்கே விலங்கு பொம்மை, கவலை நிஜம். ஆட்டுமந்தையின் வாயுவில் தீப்பற்றி எல்லாம் வெடிக்க, அக்கவலை நாகரிகமற்ற முறையில் தீர்கிறது.

மடனின் தூய நிலையைக் காண விரும்புவோர் மீண்டும் முயலிடமே செல்ல வேண்டும். அப்படத்தின் முடிவில் மின்சாரம் பாய்ச்சிய தண்டவாளத்தை நோக்கி முயல்களை விரட்டியாக வேண்டும்; அதற்கு ஏராளமான வெளிச்சம் தேவைப்படுகிறது. காவலர் ஒருவர் திறந்தவெளிக் கொட்டகைக்குச் சென்று, கார்களில் அமர்ந்து படம் பார்த்துக்கொண்டிருக்கும் மக்களிடம், கொலைகார முயல்கள் கூட்டமாக வந்துகொண்டிருக்கின்றன, உதவுங்கள் என்று ஒலிபெருக்கியில் கேட்டுக்கொள்கிறார். அங்கே ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. காரைக் கிளப்பிச் சென்று, தண்டவாளத்தருகே வரிசையாக நிறுத்தி, முகப்பு விளக்குகளை முயல்கள் வரும் திசைக்குத் திருப்பினார்கள்.