வாவிக்கரைக்கும் ஒரு ஸ்டெப்பியன் விதி வேண்டி

பெறுநர்: ஆணையாளர், என்.பி.ஏ., நியூயோர்க்
பொருள்: மூத்த ஆட்டக்காரரைக் கைமாற்றும் ஒழுங்குவிதிகளை மட்டக்களப்புக்கும் ஏற்புடையதாக்கல்

மூத்த ஆட்டக்காரரைக் கைமாற்றுதல் என்பது, தோற்றுக்கொண்டிருக்கும் கூடைப்பந்து அணியொன்று கையில் மிஞ்சியிருக்கும் பெரிய பெயர்களை விற்று, இன்னும் மீசை முளைக்காத பையன்களை வாங்கும் வியாபாரம். 2013இல் பொஸ்டன் செல்ரிக்ஸ், 35 வயதான போல் பியர்ஸையும் 37 வயதான கெவின் கார்னெற்றையும் புரூக்ளின் நெற்ஸிடம் ஒப்படைத்தது. ஈடாக, புதிய ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் 2014, 2016, 2018 ஆகிய ஆண்டுகளின் முதற்சுற்றுத் தெரிவுரிமைகளும், 2017இல் தெரிவு இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையும் கிடைத்தன. பியர்ஸ் புரூக்ளினில் ஒரே ஒரு பருவம் ஆடினார். அந்த உரிமைகளின் வழியே ஜேலன் பிரவுண், ஜேசன் டேற்றம் என்ற இரண்டு பையன்கள் பொஸ்டனுக்கு வந்து சேர்ந்தார்கள். 2024இல் கிண்ணமும் வந்தது.

இவ்வியாபாரத்துக்கு முன்நிபந்தனை, நன்றாகத் தோற்பது. பிலடெல்பியா 2015-16 பருவத்தில் 10 ஆட்டங்களில் வென்று 72இல் தோற்றது. நிர்வாகம் அதைத் திட்டம் என்றது. 2019இல் வந்த முறைப்படி, கடைசி மூன்று இடங்களைப் பிடிக்கும் அணிகளுக்கு முதல் தெரிவைப் பெறும் வாய்ப்பு ஆளுக்கு 14 வீதம். தோல்விக்குப் பரிசு வழங்கும் இந்த ஏற்பாடு இலங்கைப் பரீட்சைத் திணைக்களத்தின் கண்ணில் இன்னும் படவில்லை.

என்.பி.ஏ. சங்கத்தின் விதிகளுள் வியக்கத்தக்கது ஸ்டெப்பியன் விதி. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து அணியின் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெப்பியன், வருங்காலத் தெரிவுரிமைகளை வாரி வழங்கினார். அதற்குப் பிறகு, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் முதற்சுற்றுத் தெரிவே இல்லாத நிலைக்கு எந்த அணியும் தன்னைத் தள்ளக் கூடாது என்று விதிக்கப்பட்டது. கோடீசுவரரை அவருடைய கையிலிருந்தே காப்பாற்றும் சட்டம் அது.

மட்டக்களப்பின் கூடைப்பந்தும் அமெரிக்காவுடனான ஒரு கைமாற்றத்தில் வளர்ந்ததுதான். லூசியானாவிலிருந்து வந்த இயேசு சபைக் குருக்கள், 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியில் இவ்விளையாட்டை ஊன்றினார்கள். அவர்களுள் ஒருவரான வணபிதா வெபரின் பெயரில் நகரில் மைதானம் இருக்கிறது. ஜெனிங்ஸ் என்ற ஊரில் பிறந்த வணபிதா யூஜின் ஹேபர்ட் 1948இல் இலங்கைக்கு வந்து, திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பையன்களைப் பழக்கினார். அனுப்பிய பக்கம் தெரிவுரிமை எதையும் கேட்கவில்லை. சங்கத்தின் கணக்கில் இது புத்திகெட்ட வியாபாரம். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் வணபிதா ஹேபர்ட்டும் உடன் வந்த இளைஞரும் காணாமல் ஆக்கப்பட்டார்கள். அந்த ஒரு வரியை ஈடு செய்யும் விதி எந்தச் சங்கத்திலும் எழுதப்பட்டதில்லை.

இனி, மட்டக்களப்பு வாவிக்கரையின் மூத்த ஆட்டக்காரர். இவருக்கு ஒப்பந்தம் இல்லை, முகவர் இல்லை. முழங்காலில் கட்டு மட்டும் உண்டு. பின்னேரம் நான்கு மணிக்கு ஆட வருவார். பந்துக்குக் காசு போடுபவரும் அவர், நடுவரும் அவர், நடுவரின் தீர்ப்பை எதிர்த்துக் கத்துபவரும் அவர். அவரை வாங்க எந்த அணியும் வராது. வந்தாலும் பழைய மாணவர் சங்கக் கூட்டம் மூன்று முறை ஒத்திவைக்கப்படும். அதற்குள் மாற்றக் காலக்கெடு கடந்துவிடும்.

மூத்தவரை விற்காமல் அணியைக் கட்டலாமா என்ற கேள்விக்கு இந்த நாட்டில் ஓர் உதாரணம் உண்டு. விளையாட்டுத்தான் வேறு, வலைப்பந்து. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 2018இல், 39 வயதில், இலங்கை அணிக்கு மீண்டும் அழைக்கப்பட்டார். இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றது. 2022இலும் அவர் ஆடினார், இலங்கை மறுபடியும் வென்றது. நல்லதொரு முகாமையாளர் இருந்திருந்தால் அவரை எப்போதோ இரண்டு தெரிவுரிமைகளுக்குக் கொடுத்துக் கணக்கை நேர் செய்திருப்பார்.

இக்கரையிலிருந்து உண்மையில் கைமாறுபவர்கள் இளையவர்கள். உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு, பந்தைக் கூடைக்குள் போடப் பழகிய பையன் கடவுச்சீட்டு வரிசையில் நிற்கிறான். 2022இல் மாத்திரம் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்கென இலங்கையிலிருந்து வெளிநாடு போனார்கள். கட்டாருக்கோ லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ போகும் பையனுக்கு ஈடாக அவ்விடங்கள் முதற்சுற்றும் தருவதில்லை, இரண்டாம் சுற்றும் தருவதில்லை. சில வருடங்களில் மைதானத்துக்கு ஒரு மின்விளக்கும், அதில் நன்கொடையாளரின் பெயரும் வந்து சேரும். ஸ்டெப்பியனே வெட்கப்படக்கூடிய இந்த வியாபாரம் ஆண்டுக்காண்டு தடையின்றி நடைபெறுகிறது.

ஆகவே, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் ஓர் ஊர் தன் முதல் ஐவரை முழுமையாக இழக்கலாகாது என்ற விதியை மட்டக்களப்புக்கும் நீட்டிக்குமாறு கோரப்படுகிறது. அது இயலாதெனில், போனவர்களுக்கு ஈடாக மூத்தவர் ஒருவரையாவது அனுப்பிவைக்கலாம். 35 வயதுக்கு மேற்பட்டவராயினும் ஆட்சேபனை இல்லை. சம்பளங்கள் ஏறத்தாழ ஈடாக இருக்க வேண்டும் என்ற சங்கத்தின் நிபந்தனை இங்கு கண்டிப்பாகப் பின்பற்றப்படும்: இங்கிருந்து செல்பவரின் சம்பளம் பூச்சியம், ஆதலால் வருபவரின் சம்பளமும் பூச்சியம். பந்துக்கான பங்குக் காசை அவர் முதல் நாளே கட்டிவிட வேண்டும்.