நெடுந்தொலைவுச் சைக்கிள் குழுவில் நிற்றல்: ஒரு சிற்றாய்வு

கூட்டமாகச் சைக்கிளில் நெடுந்தூரம் போவோரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஓட்டுவதைப் பற்றியே பேசுகிறார்கள். நிற்பதை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. அக்குறையை நீக்குதல் இக்கட்டுரையின் நோக்கம்.

திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரி ஏறத்தாழ 150 கிலோமீட்டர். மேடு பள்ளம் இல்லாத சாலை. மணிக்கு 25 கிலோமீட்டர் போனால் ஆறு மணி நேரம். விடிகாலை நாலரைக்குக் கிளம்பும் குழு பத்தரைக்குச் சேர வேண்டும். சேர்வதோ ஒரு மணிக்கு. இடையில் காணாமற்போன இரண்டரை மணி நேரத்தை ஸ்ட்ராவா செயலியில் தேடிப் பயனில்லை. சக்கரம் சுழன்ற நேரத்தைத்தான் அது முன்னால் நிறுத்திக் காட்டும். பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கணக்குக்கு மசியவில்லை. 1891-இல் பந்தயமாகத் தொடங்கி இன்று பந்தயமல்லாததாகிவிட்ட பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸில் 1,200 கிலோமீட்டருக்கு உச்சவரம்பு 90 மணி நேரம். தின்பதும் தூங்குவதும் அதற்குள் அடக்கம். நம்மூரில் பிரெவே எனப்படும் 200 கிலோமீட்டர் நேரவரம்புச் சவாரிக்கும் அதே சட்டம்: பதின்மூன்றரை மணி நேரம், டீக்கடை உட்பட.

இனி நூற்பா:

காற்றிழிதல், காத்திருத்தல், தேநீர், படமென
நிற்றல் நான்கே நெடுவழி யோர்க்கே.

இதன் உரை வருமாறு. காற்றிழிதலாவது, சீமைக் கருவேல முள்ளாலும், வெடித்த லாரி டயர் உதிர்த்துப்போன மயிரிழைக் கம்பியாலும் நிகழ்வது. முள் கண்ணுக்குத் தெரியும், கம்பி தெரியாது. டியூபை உருவிவிட்டு டயரின் உட்புறத்தை விரலால் முழுச்சுற்றும் தடவினால், சுருக்கென்று குத்தும் இடத்தில் அகப்படும். தடவாமல் புது டியூப் போட்டவர் அடுத்த ஊரில் மறுபடி நிற்பார். ஒருவர் பஞ்சர் பார்க்க, மற்ற எல்லோரும் யோசனை சொல்வது மரபு. சாலையோரப் பஞ்சர் கடையில் காற்றடிக்கலாமென்றால், ரோடு பைக்கின் ஒல்லி வால்வில் அந்தக் குழாய் உட்காராது. சிறு பித்தளை அடாப்டர் வேண்டும். அது முன்னால் போய்விட்டவர் பையில் இருக்கும்.

காத்திருத்தல் சற்று ஆழமானது. முன்னால் போகிறவர் காற்றைக் கிழிப்பதால், அவர் பின்சக்கரத்தை ஒட்டி வருபவருக்கு உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகலாம். ஒரு வேகத்தடையில் ஒட்டு விட்டவருக்கு அந்தச் சலுகை போயிற்று. பத்து மீட்டர் இடைவெளி சற்றைக்கெல்லாம் அரைக் கிலோமீட்டராகும். மற்றவர்கள் கோவளம் தாண்டி மரநிழலில் நின்று, கடலைமிட்டாய் தின்று, முதுகை நிமிர்த்திக் காத்திருப்பார்கள். பின்தங்கியவர் மூச்சிரைக்க வந்து ஒரு காலைத் தரையில் ஊன்றியதுமே எழும் குரல்: “வந்துட்டீங்களா ப்ரோ? கிளம்பலாமா?” களைப்பில்லாதவருக்கு ஓய்வு, களைத்தவருக்குப் பயணம். அறத்துக்கு முரணான இம்முறையை இதுவரை எந்தக் குழுவும் மாற்றியதாகத் தெரியவில்லை; வேகமாக ஓட்டுபவர்களே விதி வகுப்பதால் இருக்கலாம்.

தேநீர் “அஞ்சே நிமிஷம்” என்ற அறிவிப்போடு தொடங்கும். அதை நீட்டிப்பது தேநீரன்று, கடைக்காரர். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டு, சைக்கிளை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்து, விலைக்கு வருவார். இவ்விடத்தில் பாதி விலை சொல்வதே வழக்கு. அதற்கே, “அந்தக் காசுக்கு பைக்கே வாங்கியிருக்கலாமே தம்பி” என்பார். மறுமொழி சொல்ல முயன்றவருக்கு இன்னொரு டீ வரும்.

படம் பற்றி விரிக்க ஒன்றுமில்லை. முட்டுக்காட்டில் சூரியன், மரக்காணத்தில் உப்பளம்.

நிற்றல் நிற்றலை ஈனும் என்பதே எம் முடிபு. காலையில் தாராளமாக நின்ற அரை மணி நேரம் பதினோரு மணிக்கு மேல் கடற்காற்றாகத் திரும்பி வந்து, தெற்கு நோக்கிப் போவோரின் முகத்தில் சாய்வாக அறையும். வேகம் குறையும், வெயில் ஏறும், இளநீர்க் கடைகள் பெருகும்.

ஐந்தாவதாக ஒரு நிற்றல் உண்டா என்பதில் கருத்து வேறுபாடு உள்ளது. காலாப்பட்டுக்குச் சற்று முன்னால் ஒருவர் இறங்கி, “செயின்ல ஏதோ சத்தம் வருது” என்று குனிந்து, கியர் மாற்றும் டெரெய்லரை உற்றுப் பார்ப்பார். செயினில் ஒன்றுமிராது. இது தனிவகையன்று, காத்திருத்தலின் பாற்படும் என்பது ஒரு சாரார் கொள்கை. அவர் குனிவதைக் கண்ட மாத்திரத்தில் கூட நான்கு பேர் இறங்கித் தத்தம் டெரெய்லரைக் கவலையோடு பார்க்கத் தொடங்குவது இதற்குரிய மெய்ப்பாடு.