500 டாலர் காருக்கு ஒரு பல்லக்கு

மோட்டார் பந்தயத்தில் ஆகக் குறைந்த விலையுள்ள பொருள் பந்தயக் கார்தான். ஃபெராரிக்காரர்கள் இதற்குச் சண்டைக்கு வரலாம், வரட்டும். நான் பேசுவது ‘ட்வெண்டி ஃபோர் அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்’ பந்தயத்தைப் பற்றி. ஜே லாம் என்பவர் 2006இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கூத்து. காரின் விலை 500 டாலருக்குள் அடங்க வேண்டும் என்பது அதன் தலையாய விதி. கூண்டு, இருக்கை, பெல்ட், பிரேக், டயர் போன்ற உயிர் காக்கும் சமாசாரங்கள் கணக்கில் சேராது. கூடச் செலவழித்திருக்கிறார்கள் என்று நடுவர்களுக்குச் சந்தேகம் வந்தால் தண்டனைச் சுற்றுகள் உண்டு. நடுவர்களுக்கு லஞ்சமும் கொடுக்கலாம். பகிரங்கமாக வாங்கிக்கொண்டு, வாங்கியதற்கு அடையாளமாகக் காரின் மேல் முத்திரையும் குத்திவிடுவார்கள். ரசீது கிடைக்கும் லஞ்சத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தக் காரைப் பந்தயத் திடலுக்கு எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது நம் பாடு.

எங்களுடையது தொண்ணூறுகளில் வந்த ஹோண்டா சிவிக். நண்பர்கள் நாலு பேர் கூட்டாக வாங்கி, மஞ்சள் அடித்து, சென்னை ஆட்டோ வேஷம் போட்டிருக்கிறோம். இருப்பது வட கரோலினாவின் கேரியில். பந்தயம் நடப்பது தென் கரோலினாவின் கெர்ஷாவில், கரோலினா மோட்டார்ஸ்போர்ட்ஸ் பார்க்கில். மூன்று மணி நேரப் பயணம். உள்ளே கூண்டு வெல்டிங் செய்து, முகப்பு விளக்குகளைக் கழற்றி, நம்பர் பிளேட் இல்லாமல் நிற்கிற காரைச் சாலையில் இறக்க முடியாது. இறக்கினாலும் திரும்பி வரும்போது ஓடும் என்று அதை வாங்கிய நாங்களே கையெழுத்துப் போட மாட்டோம். ஆகவே டிரைலர்.

நாமக்கல்லில் இருக்கும் அப்பாவிடம் யோசனை கேட்டேன். காலமெல்லாம் லாரி ஓட்டிப் பிழைத்தவர்.

“லோடு எத்தன டன்னு கண்ணு?”

“கார் ஒரு டன்னுங்கப்பா. டிரைலரும் கிட்டத்தட்ட அதே.”

“ஒரு டன் ஏத்தறதுக்கு ஒரு டன்னு வண்டியா? சரி, வாடகை எவ்வளவு தர்றாங்க?”

“வாடகை இல்லீங்கப்பா. நாமதான் காசு கட்டி ஓட்டோணும்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “ரிட்டர்ன் லோடாச்சும் இருக்குதா?”

“அதே கார்தானுங்கப்பா. போறப்ப ரேசுக்கு, வர்றப்ப ரிப்பேருக்கு.”

போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

திறந்த டிரைலரா, பெட்டி டிரைலரா என்பதில் எங்கள் அணி சீக்கிரமே முடிவுக்கு வந்தது. பெட்டியென்றால் மழை, கல், கள்ளன் மூன்று கவலையும் இல்லை. உள்ளேயே படுத்தும் தூங்கலாம். ஆனால் 24 அடிப் பெட்டி காலியாகவே 4,000 பவுண்டு வரும், போதாததற்கு எதிர்காற்றில் ஒரு சுவரையே இழுத்துக்கொண்டு போக வேண்டும். திறந்த இரும்பு டிரைலர் 2,000 பவுண்டில் முடிந்துவிடும். கள்ளனைப் பொறுத்தவரை, எங்கள் சிவிக்கைத் திருட வருகிறவன் மேல் எனக்கு அனுதாபம்தான். மேலும், ஆட்டோ வேஷம் போட்டுவிட்டுப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் யார் பார்ப்பது?

தளம் 18 அடி. காரின் நீளம் பதினாலரை அடிதான். மிச்ச இடம் டயருக்கும் ஜாக்கிக்கும், காரை முன்னே பின்னே நகர்த்திப் பாரம் பார்ப்பதற்கும். 3,500 பவுண்டு தாங்கும் ஆக்சில் இரண்டு, இரண்டிலும் மின்சார பிரேக். தளத்தின் பின்முனை சரிந்து இறங்க வேண்டும், இல்லாவிட்டால் தாழ்வான கார் ஏறும்போது முன்தாடை ராம்ப்பில் உரசும்.

இதை இழுக்க வீட்டில் இருந்தது ஹோண்டா ஒடிஸி. கேரியில் இரண்டாவது குழந்தை பெறும் தமிழர்களுக்கு ஒடிஸியையோ சியன்னாவையோ ஆஸ்பத்திரியிலேயே கொடுத்தனுப்புகிறார்கள் என்று நினைக்கிறேன். இழுவைத் திறன் 3,500 பவுண்டு. காரும் டிரைலரும் தட்டுமுட்டுச் சாமானும் சேர்ந்தால் 4,900. ஆகவே 500 டாலர் காருக்கு அதைப்போலப் பத்து மடங்கில் டிரைலர். டிரைலரைப்போல நாலு மடங்கில், அதை இழுக்க ஒரு பழைய எஃப்-150 டிரக். மனைவி கணக்கை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தாள். “என்னங்க, இந்த முதல் வரியில இருக்கிற ஐந்நூறை மட்டும் அடிச்சிட்டா மீதியெல்லாம் தானா போயிடுமே?” தணிக்கையாளர்களை வீட்டில் வைத்துக்கொள்வதில் இது ஒரு தொல்லை.

இனிதான் முக்கியமான இடம். டிரைலர் பார்க்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: காரை ஓட்டி மேலே ஏற்றியவர் அதிலிருந்து எப்படி வெளியே வருவார்? டிரைலர் சக்கரங்களுக்கு மேல் இரு பக்கமும் மட்கார்டு எழும்பி நிற்கும். நடுவில் 82 அங்குலம். சிவிக்கின் அகலம் 67. பக்கத்துக்கு ஏழரை அங்குலம் மிச்சம். ஏழரை என்றதும் சனி பகவான் நினைவுக்கு வந்தால் தப்பே இல்லை. கதவு மட்கார்டில் ‘டொக்’ என்று முட்டி நின்றுவிடும்.

இரவல் டிரைலர் ஒன்றில் ஏற்றிப் பார்த்தபோது ஓட்டியவர் எங்கள் அணியின் பூரித்த உடம்புக்காரர். பின்னால் தாவலாம் என்றால் கூண்டுக் குழாய்கள். ஜன்னல்தான் வழி. முதலில் தலை வந்தது, பிறகு ஒரு தோள், அதன் பிறகு பேச்சுவார்த்தை. நாங்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்க, அவர் எங்கள் குடும்பங்களைப் பற்றி ஏதேதோ சொன்னார். அன்றே தீர்மானமாகிவிட்டது: இடது பக்க மட்கார்டு கழல வேண்டும். நாலு பின்னை உருவினால் கையோடு வந்துவிடுகிறது. கதவு தாராளமாகத் திறக்கிறது. மனிதர் மரியாதையாக இறங்குகிறார். கிளம்பும் முன் மறக்காமல் மாட்ட வேண்டும், அவ்வளவே. இல்லாவிட்டால் சக்கரம் வாரியிறைக்கும் கல்லெல்லாம் கார்க் கதவுக்கு.

டயரைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. டிரைலர் டயர் தேய்ந்து சாவதைவிட வயசாகிச் சாவதே அதிகம். பட்டன் எவ்வளவு இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, பக்கச் சுவரில் உற்பத்தி வாரமும் வருஷமும் பொறித்த நாலு இலக்கத்தைப் பாருங்கள். ஸ்டெப்னி பெரும்பாலும் விலையில் சேராது. தனியாகக் காசு கொடுத்தாவது வாங்கிவிடுங்கள்.

அப்பாவும் அமெரிக்கப் புத்தகங்களும் ஒத்துப்போன விஷயம் பாரம். “பின்னால பாரம் போச்சுன்னா வண்டி வாலாட்டும் கண்ணு.” மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் டிரைலரின் மூக்கில், கொக்கியின் மேல் உட்கார வேண்டும் என்பது இங்குள்ள கணக்கு. குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரைலர் இடமும் வலமும் அலையத் தொடங்கும். அப்போது டிரக்கின் பிரேக்கை மிதிக்காமல், டிரைலர் பிரேக்கை மட்டும் பிடிக்கும் கைவிசையை அழுத்த வேண்டும். மூக்கை அளக்கக் குளியலறை எடைமெஷின் போதும். ஒரு உத்தரக்கட்டையின் ஒரு முனையை முட்டின் மேலும் மறுமுனையை மெஷின் மேலும் வைத்து, முட்டிலிருந்து ஒரு அடி, மெஷினிலிருந்து இரண்டு அடி தள்ளி மூக்கை இறக்கினால் காட்டுவதை மூன்றால் பெருக்கலாம். 180 காட்டியது, 540. பிரமாதம். அன்றிலிருந்து அந்த மெஷின் தனக்குக் கூட்டிக் காட்டுகிறது என்கிறாள் மனைவி. எனக்குக் கூட்டிக் காட்டும்போது சரியாகத்தான் காட்டுகிறதாம்.

கட்டும் பட்டைகளை அப்பா வீடியோவில் பார்வையிட்டார். இரண்டு அங்குலப் பட்டையில் 10,000 பவுண்டு என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது அறுந்துபோகும் அளவு. நம்பிக் கட்டக்கூடியது மூன்றில் ஒரு பங்கு, 3,333. தேர்தல் அறிக்கைகளில்கூட இந்த விகிதம் கிடைப்பதில்லை. காரின் உடம்பைக் கட்டாமல் நாலு சக்கரங்களையும் வலைபோட்டுக் கட்டுகிறோம். ஸ்பிரிங் அதன்பாட்டுக்கு ஆடிக்கொள்ளும், கட்டு தளராது. பட்டையை ஒரு முறுக்கு விட்டு மாட்டினால் காற்றில் ரீங்காரம் போடாது. “கயிறே இல்லாம என்ன கட்டு?” என்றார் அப்பா. பிறகு, “அம்பது மைல் போனதும் நிறுத்தி ஒருக்கா இழுத்துப் பாரு” என்றார். எல்லா நாட்டு லாரிக்காரர்களும் இதையே சொல்கிறார்கள்.

கடைசியாக மாட்டியது வின்ச். மின்சார உருளையும் கம்பி வடமும். போகும்போது ஓட்டி ஏற்றுகிற கார் வரும்போது தானாக ஏறாது என்பது எங்கள் அணியின் அனுபவ ஞானம்.

கெர்ஷாவில் இறக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்து அணிக்காரர் ஒருவர் வந்தார். ஆட்டோவை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே மட்கார்டிடம் போனார். பின்னை உருவினார், செருகினார், மறுபடி உருவினார். வின்ச்சைத் தடவினார். பிறகு விலை கேட்டார்.

“காரோடா?” என்றேன்.

“கார் இல்லாமல் என்றால் கொஞ்சம் கூட்டித் தருகிறேன்” என்றார்.