தெர்மாகோலாவது கரை ஒதுங்கியது

2017 ஏப்ரலில் வைகை அணையில் தெர்மாகோல் மிதந்ததைச் சொல்லி இன்னமும் சிரிக்கிறோம். தண்ணீர் ஆவியாகாமல் காக்க அமைச்சர் செல்லூர் ராஜு இறக்கிவிட்ட அட்டைகள், காற்றடித்ததும் அன்றைக்கே கரைக்கு வந்துவிட்டன. ரோஷமுள்ள அட்டைகள். தண்ணீருக்குள் தங்களுக்கு வேலையில்லை என்றதும் வெளியேறிவிட்டன. மதுரைக் கண்மாய்களுக்குள் ஊன்றிய கான்கிரீட்டுக்கு அந்த ரோஷம் ஏது?

உலகனேரிக் கண்மாய்க்குள் 2004-இல் உயர் நீதிமன்றக் கிளையே வந்து உட்கார்ந்தது. தல்லாகுளம் கண்மாய்க்குள் மாநகராட்சித் தலைமையகம். ஓடைப் புறம்போக்கில் குடிசை போட்டவனுக்கு ஒரு கண்மாயிலிருந்து நோட்டீஸ் வருகிறது. வழக்குப் போட அவன் இன்னொரு கண்மாய்க்குப் போகிறான். ‘நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்று’ என்று அங்கே தீர்ப்பும் ஆகிறது. ஏழை போட்டால் ஆக்கிரமிப்பு, அரசாங்கம் போட்டால் அடிக்கல் நாட்டு விழா!

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் வந்து பாருங்கள். மலைப்பாறையில் விழுகிற மழை நிற்காது, ஓடைகளில் சரசரவென்று இறங்கும். அதை மறித்துத்தான் அந்தக் காலத்தில் மண்ணை வெட்டிக் கரை போட்டார்கள். மேல் கண்மாய் நிறைந்து கலுங்கில் மறுகால் போனால் கீழ்க் கண்மாய் வாங்கிக்கொள்ளும், அது நிறைந்தால் அடுத்தது. இஞ்சினியரிங் கல்லூரி இல்லாத காலத்து வெள்ளத் தடுப்பு. இன்றைக்கு ஓடைமேல் தார் ரோடு, அடியில் பேருக்கு ஒரு சிமெண்ட் குழாய். குழாய் வாயில் கோழிக்கழிவு மூட்டை. மடைத் திருகு துருவேறிக் கிடக்கிறது. பக்கத்திலேயே ‘லேக் வியூ’ மனை விற்கிறார்கள், பத்திரப்பதிவும் நடக்கிறது. மழைக்காலத்தில் லேக் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும் என்பதை மட்டும் புரோக்கர் சொல்வதில்லை.

கண்மாய்க்கு மோட்சம் இல்லாமல் இல்லை. அதன் பெயர் அழகுபடுத்துதல். வண்டியூர் கண்மாய்க்கு 50 கோடி: நடைபாதை, படகுச் சவாரி, இத்யாதி. நடைபாதை வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் தண்ணீர் வருகிற பாதையைத் தூர்வாரக் கேட்டால் ஃபைல் வருவாய்த் துறைக்கும் நீர்வளத் துறைக்கும் மாநகராட்சிக்கும் சுற்றி வரும். சர்க்கரை நோயாளிகள் நடக்கிற பாதை என்றால் மட்டும் டெண்டருக்குத் தடையே இல்லை.

2024 அக்டோபர் 25 அன்று கொஞ்ச நேரம்தான் மழை கொட்டியது. செல்லூரில் வீடுகளுக்குள் சாக்கடையோடு சேர்ந்து வெள்ளம் புகுந்தது. படகுச் சவாரிக்கு டிக்கெட் எடுக்காத பாவம்! உடனே செல்லூர் கண்மாயிலிருந்து வைகைக்கு 11.9 கோடியில் சிமெண்ட் கால்வாய் அறிவித்தார்கள். தேக்குவதற்கென்று வெட்டிய கண்மாயிலிருந்து தண்ணீரைத் துரத்திவிடக் கோடிகள். கோடையில் அதே ஊருக்கு லாரித் தண்ணீர்.

நீங்கள் மட்டும் மறந்துவிடாதீர்கள், வீட்டுக்கு வீடு மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி கட்டாயம். தொட்டி இல்லாத வீட்டுக்கு பிளான் அப்ரூவல் கிடையாது என்று தல்லாகுளம் கண்மாய்க்குள் இரண்டாவது மாடியில் சொல்வார்கள்.