விடுபட்டவை பூச்சியம்

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குள்ளேயே உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் திறந்த மூல நூலகம் அப்பாச்சி மேட்லிப். அதன் ‘சம்மரி’ என்ற செயற்கூறை ஒரு வரியில் கூப்பிட்டால் சராசரி, இடையம், காலணைகள், காலியாக விட்ட கட்டங்கள் எல்லாம் ஒப்பிக்கும். போஸ்ட்கிரெஸுக்குச் சராசரி எப்போதோ தெரியும். இடையம் காண உள்ளமைந்த வழி 2014இல், 9.4 பதிப்பில்தான் வந்தது. நடுவில் நிற்கிறவர்களை யார் அவசரமாகத் தேடுகிறார்கள்!

இலங்கை மலையகத்தின் கினிகத்தேனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கொழுந்துக் கணக்கை அதில் ஏற்றுங்கள். மழைக்குப் பஞ்சமில்லாத ஊர். தராசில் தொங்குவதில் ஈரத்துக்கு இத்தனை, சாக்குக்கு இத்தனை என்று கழித்த பிறகுதான் பேனா திறக்கும். ‘சம்மரி’ பளிச்சென்று சொல்லும்: விடுபட்டவை 0. மேட்லிப்புக்குப் புதுச் செயற்கூறு யாரும் எழுதி அனுப்பலாமாம். பேனா திறக்குமுன் கழிந்த கிலோவைக் கூட்ட ஒன்று அனுப்பலாம். தரவை மட்டும் கணக்கப்பிள்ளையிடம் கேட்கவேண்டும்.